பழுப்பு வினிகரும் ஒரு நேர்கோடும்

ஆப்பிள் சைடர் வினிகரில் அமிலம் எவ்வளவு என்று தரம் பார்க்க, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைச் சிறிது சிறிதாக ஊற்றி அளக்க, உட்கார்ந்தேன். அமிலம் தீர்ந்ததை நிறத்தால் காட்டும் பினாப்தலீனின் இளஞ்சிவப்பு அந்தப் பழுப்பில் தெரியவே இல்லை. ஊற்றிய காரம் 8.2, 8.6, 8.9 மில்லி என்று மூன்று முறையும் மூன்று விடை.

சரி, பிஹெச் மீட்டரை எடுத்தேன். வேதியியலாளர் குன்னர் கிரான் 1952-இல் வெளியிட்ட முறை நினைவுக்கு வந்தது. ஊற்றிய காரத்தின் கன அளவை, பிஹெச்சிலிருந்து கணக்கிட்ட ஹைட்ரஜன் அயனிச் செறிவால் பெருக்கி, அதே கன அளவுக்கு எதிராக வரைந்தால் சரிந்து இறங்கும் நேர்கோடு வரும். அது கிடை அச்சைத் தொடும் இடமே சமானப் புள்ளி, அதாவது அமிலம் முழுவதையும் தீர்க்கச் சரியாகத் தேவையான காரத்தின் அளவு.

எனக்கோ முதலில் கோடு வளைந்தது. தொடக்கத்துப் புள்ளிகளையும் கடைசித் துளிகளையும் சேர்த்ததுதான் காரணம். தொடக்கத்தில் அமிலம் தானாக அயனிகளாகப் பிரிவதைப் புறக்கணிக்க முடியாது. கடைசியில் மீட்டர் நிலைகொள்ள நேரம் எடுக்கும். 4 முதல் 7.5 மில்லி வரை உள்ளவற்றை மட்டும் வைத்தேன். 6 மில்லியில் பிஹெச் 5.18, 7 மில்லியில் 5.49. ஸ்கேலை வைத்து நீட்டினால் 8.33! மறுமுறையும் கிட்டத்தட்ட அதேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. மீட்டர் எல்லா அளவீட்டிலும் ஒரே அளவு பிசகினாலும் கோட்டின் சரிவுதான் மாறும், அச்சைத் தொடும் இடம் மாறாது. அப்புறம், சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை மூடியே வையுங்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கலந்தால் அதன் செறிவு குறையும், கோடும் கடைசியில் வளையும்.