ரெய்டு போட்டாச்சு, டேட்டா பத்திரமா?

வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் மதுரையில் ஓரளவு ஓடும் கல்யாண ஸ்டூடியோவுக்குள் டெராபைட் கணக்கில் வீடியோ வந்து விழும். அதை வைக்க நான்கு டிஸ்க் போடும் என்ஏஎஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி, வாங்குகிறார்கள். பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டு முறையை அதில் அமைக்கிறார்கள். ரெய்டு போட்டாச்சு, இனிப் பயமில்லை என்று அதோடு பேக்கப் எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு இதுதான்.

ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓட வேண்டும். ரெய்டு அதற்காக வந்தது, அவ்வளவுதான். எடிட்டர் கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அது எல்லா டிஸ்க்கிலிருந்தும் அதே நொடியில் அழியும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அப்படியே. இடி விழுந்து பெட்டியே கருகினால் நான்கு டிஸ்க்கும் சேர்ந்தே போகும்.

அடுத்தது, வேகத்துக்காக ரெய்டு 0 போடுவது. இதில் ஒவ்வொரு ஃபைலும் துண்டு துண்டாக எல்லா டிஸ்க்கிலும் பரவி நிற்கும். ஒன்று போனால் அத்தனையும் போச்சு. அந்த வேகமாவது கிடைக்கிறதா? பெட்டிக்கும் எடிட்டிங் கம்ப்யூட்டருக்கும் நடுவே சாதாரண கிகாபிட் கேபிள் இருந்தால் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட்டுக்கு மேல் போகாது. பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாகப் படிக்க ஒற்றை ஹார்ட் டிஸ்க்கே அதைவிட வேகம். நெட்வொர்க்கை மாற்றாமல் ரெய்டு 0 போட்டால் ஆபத்து மட்டுமே கூடும்.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது ரெய்டு 5. நான்கு 8 டெராபைட் டிஸ்க்கில் 24 டெராபைட் கிடைக்கிறதே! மூன்று எண்களோடு அவற்றின் கூட்டுத்தொகையையும் எழுதி வைத்தால், ஒன்று அழிந்தாலும் மீதியை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பாரிட்டி செய்யும் வேலை ஏறத்தாழ இதுதான். சிக்கல், டிஸ்க் போன பிறகு நடக்கும் ரீபில்டில், அதாவது மாற்று டிஸ்க்கில் டேட்டாவைத் திரும்ப உருவாக்கும் வேலையில், இருக்கிறது. 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டை முன்வைத்த காலத்தில், அவர்கள் மனத்தில் இருந்த சிறிய டிஸ்க்குகள் 100 மெகாபைட் அளவுதான். அதன்பின் கொள்ளளவு கூடிய அளவுக்கு வேகம் கூடவில்லை. நொடிக்கு 200 மெகாபைட் என்று வைத்தாலும் 8 டெராபைட்டை நிரப்ப 11 மணி நேரம். நடுவில் ஸ்டூடியோ வேலையும் நடந்தால் நாள்கணக்கில் இழுக்கும்.

அவ்வளவு நேரமும் மிச்சமுள்ள மூன்று டிஸ்க்கும் ஓய்வின்றி 24 டெராபைட்டைப் படித்துக் கொடுக்க வேண்டும். சாதாரண டிஸ்க்கின் விவரத் தாளில் நூறு லட்சம் கோடி பிட்டுக்கு, அதாவது 12.5 டெராபைட்டுக்கு, ஒரு படிக்க முடியாத பிழை வரை வரலாம் என்று போட்டிருக்கும். நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. ஆனாலும் பிழை வந்தால் ஈடுகட்ட அந்த நேரத்தில் பாரிட்டி மிச்சமில்லை. நான்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியிருந்தால், ஒரே பேட்ச், ஒரே வயது. அடுத்ததும் அதே வாரம் படுக்கலாம். அதனால் பெரிய டிஸ்க்குகளுக்கு, இரண்டு பாரிட்டி வைக்கும் ரெய்டு 6-ஐத்தான் சொல்வேன். கொள்ளளவு 16 டெராபைட்டாகக் குறையும். எந்த இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா நிற்கும்.

விலை குறைவு என்று எஸ்எம்ஆர் டிஸ்க், அதாவது தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஓரளவு படியும்படி எழுதும் டிஸ்க், வாங்காதீர்கள். இடைவிடாமல் எழுதும்போது அதன் வேகம் படுத்துவிடும், ரீபில்டு நாள்கணக்கில் இழுக்கலாம், நடுவில் தோற்கவும் கூடும். டிஸ்க் ஒன்றில் சிவப்பு விளக்கு எரியும்போது பதற்றத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிடுகிறவர்களும் உண்டு. ரெய்டு 5-இல் அது இரண்டாவது டிஸ்க் போனதற்குச் சமம். ஒவ்வொரு தட்டிலும் டிஸ்க்கின் சீரியல் எண்ணை முன்பே எழுதி ஒட்டி வையுங்கள்.

கீழமாசி வீதி மளிகை மொத்தக்கடையின் கதை வேறு. அங்கே நாள் முழுக்கப் பில், ஸ்டாக் என்று டிஸ்க்கில் சின்னச் சின்னதாக எழுதும் வேலை. ரெய்டு 5-இல் ஒருமுறை சின்னதாக எழுதுவதற்குப் பழைய டேட்டாவையும் பழைய பாரிட்டியையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். ஆக நான்கு வேலை. ரெய்டு 6-இல் ஆறு. டிஸ்க்குகளை ஜோடியாக்கி, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதும் (மிரர்) ரெய்டு 10-இல் இரண்டே. பில்லிங் சர்வருக்கு அதையே போடலாம். சின்னக் கடைக்கு இரண்டு எஸ்எஸ்டி வைத்த ரெய்டு 1, அதாவது ஒரே ஒரு மிரர் ஜோடி, தாராளம். ரெய்டு 10-இல் ஒரு ஜோடியின் இரண்டும் போனால் டேட்டா போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

யுபிஎஸ் இல்லாமல் பாரிட்டி ரெய்டை ஓட்டுவது நம் ஊருக்கு ஆகாது. டேட்டா எழுதி பாரிட்டி எழுதுவதற்குள் கரண்ட் போனால் இரண்டும் ஒத்துப்போகாது. அது அப்போது தெரியாது. மாதங்கள் கழித்து ரீபில்டின்போது தப்பான டேட்டாவாக வெளிப்படும். யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி கேபிளைப் பெட்டியில் செருகினால், பேட்டரி தீரும் முன் தானாக ஷட்டவுன் ஆகும். வாங்கிய பலர் அந்தக் கேபிளை டப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள். எல்லா டிஸ்க்கையும் முழுதாகப் படித்துச் சரிபார்க்கும் ஸ்கிரப் மாதம் ஒருமுறை ஓடவும், டிஸ்க் கெட்டால் போனுக்கு மெயில் வரவும் அமைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கப்புக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற கணக்கு போதும். ஸ்டூடியோ டவுன்ஹால் ரோட்டில் என்றால் ஒரு டிஸ்க் திருநகர் வீட்டு அலமாரியில், கேபிள் செருகாமல் இருக்கட்டும். ஆல்பம் டெலிவரி முடியும் வரை கேமரா கார்டை ஃபார்மட் செய்யாதீர்கள். பேக்கப்பிலிருந்து ஒரு கல்யாண வீடியோவை எடுத்து, முழுதாக ஓடுகிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.