தள்ளுவண்டியைக் கடையிலேயே தள்ளிப் பார்த்து வாங்குங்கள்

குழந்தைக்குத் தள்ளுவண்டி வாங்கும்போது, நிறத்தையும் விலையையும் பார்ப்பதற்கு முன்பு இருக்கை எவ்வளவு தூரம் பின்னால் சாய்கிறது என்று பாருங்கள். கழுத்து நிற்காத குழந்தையை நிமிர்ந்த இருக்கையில் வைத்தால், தலை முன்னே சரிந்து மூச்சுப்பாதையை நெருக்கிவிடக்கூடும் என்பதால், முதல் 6 மாதங்களுக்குத் தட்டையாகப் படுக்கவைக்கும் வண்டியே ஏற்றது. தோள்கள், இடுப்பின் இருபுறம், கால்களின் நடுவே என 5 இடங்களில் பிடிக்கும் பட்டை கட்டாயம் இருக்க வேண்டும்.

சிறிய பிளாஸ்டிக் சக்கரங்கள் கடையின் வழவழப்பான தரையில் அழகாக உருளும். ஆனால் நம் தெருவில் பெயர்ந்த நடைபாதைக் கல்லில் முட்டி நின்று, தூங்கும் குழந்தையை உலுக்கி எழுப்பிவிடும். பெரிய, காற்றடைத்த சக்கரங்களே இங்கு உதவும். கடைக்கு ஒரு 5 கிலோ அரிசிப் பையை எடுத்துச் சென்று, இருக்கையில் வைத்து ஒரே கையால் தள்ளித் திருப்பிப் பாருங்கள். பிறகு அதே பையை இடுப்பில் அணைத்தபடி, மறு கையால் வண்டியை மடக்க முடிகிறதா என்றும் பாருங்கள். வாசலில் ஆட்டோ காத்திருக்கும்போது உங்கள் நிலைமை அதுதான். செருப்புக் காலாலேயே பிரேக்கைப் போடவும் எடுக்கவும் முடிய வேண்டும்.

வெயிலுக்காக வண்டியைத் துணியால் மூடாதீர்கள். அன்பினால் பலரும் செய்வதுதான், ஆனால் காற்றோட்டம் தடைபட்டு உள்ளே வெப்பம் ஏறிவிடும். கைப்பிடியில் காய்கறிப் பையையும் மாட்டாதீர்கள், ஏனெனில் குழந்தையைத் தூக்கிய கணமே வண்டி பின்புறமாகச் சாயக்கூடும்.