பழைய கொரோலாவுக்கு 4ஏ-ஜீஇசட்ஈ எஞ்சின் மாற்றுவதும், அதற்குப் பெரிய சுப்பர்சார்ஜர் பூட்டுவதும்: தொடக்கநிலையாளருக்கான செய்முறை

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று வீதிகளில் 1987 முதல் 1992 வரை தயாரான கொரோலாக்கள் இன்னும் நல்ல உடலோடு ஓடுகின்றன. அவற்றுள் பல 1.3 அல்லது 1.5 லீற்றர் எஞ்சினோடு வந்தவை. அதே தலைமுறைக் கொரோலாவில் ஜப்பானில் டொயோட்டாவே, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுப்பர்சார்ஜர் பூட்டிய 4ஏ-ஜீஇசட்ஈ எஞ்சினையும் விற்றது என்பதால், இந்த மாற்றத்துக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பொறுமையும் ஒழுங்கும் இருந்தால் போதும்.

தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மாற்றுவது ஒரு வேலை, பெரிய சுப்பர்சார்ஜர் பூட்டுவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே மூச்சில் செய்யக் கூடாது. எஞ்சின் முதலில் தன் சொந்தச் சுப்பர்சார்ஜரோடு ஒழுங்காக ஓட வேண்டும். அதன் பிறகே பெரியதைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பூட்டிய வாகனம் இருமினாலோ சூடேறினாலோ, குற்றம் வயரிங்கிலா, பெற்றோல் பம்பிலா, புதிய சுப்பர்சார்ஜரிலா என்று எந்த மெக்கானிக் பாஸாலும் சொல்ல முடியாது.

எஞ்சினைப் பற்றிச் சிறிது

இந்த எஞ்சின் 1986இல் எம்ஆர்2 வாகனத்தில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டு கொரோலா லெவின், ஸ்ப்ரின்டர் ட்ரூனோ வாகனங்களுக்கு வந்தது. கொள்ளளவு 1587 சி.சி., வால்வுகள் 16. அதன் எஸ்.சி.12 சுப்பர்சார்ஜர் ரூட்ஸ் வகையைச் சேர்ந்தது. பெல்ட்டால் சுழலும் இரண்டு உருளிகள் ஒரு சுற்றுக்கு 1200 சி.சி. காற்றை எஞ்சினுக்குள் தள்ளுகின்றன. அதன் கப்பியில் மின்காந்தக் கிளட்ச் ஒன்று உண்டு. மெதுவாக ஓட்டும்போது கிளட்ச் விடுபட்டு, காற்று பைபாஸ் வால்வு வழியாகச் செல்லும். அக்சிலறேற்றரை அழுத்தும்போது கிளட்ச் பிடிக்கும். டேர்போவைப் போல இது புகையின் வேகத்துக்காகக் காத்திருப்பதில்லை என்பதால், நகருக்குள் ஓட்டுபவருக்கு இதன் இழுவை உடனே தெரியும்.

படி 1: ஆவணங்கள்

பலர் கடைசியில் நினைக்கும் இதை முதலில் செய்யுங்கள். எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள விடயம். அது மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிய வேண்டும். ஆகவே கொழும்பில் பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் ஊரில் வாங்கினாலும், எஞ்சின் இலக்கம் எழுதப்பட்ட பற்றுச்சீட்டும் இறக்குமதி ஆவணத்தின் பிரதியும் கைக்கு வராமல் பணம் கொடுக்க வேண்டாம். காப்புறுதி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையில் இந்த எஞ்சினும் தேற வேண்டும் என்பதால், அதனோடு வரும், புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

படி 2: எஞ்சினைச் சோதித்து வாங்குதல்

நான்கு சிலிண்டரிலும் கொம்பிரஷன் சோதனை, அதாவது ஒவ்வொன்றும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கிடையே 14 பி.எஸ்.ஐ.க்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் வித்தியாசம் இருந்தால் வேறு எஞ்சினைப் பாருங்கள். ஒயில் மூடியைத் திறந்து உட்புறம் பாலாடை நிறத்தில் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தண்ணீர் ஒயிலோடு கலந்திருக்கக்கூடும்.

சுப்பர்சார்ஜரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். கப்பியின் வெளி வளையம் சத்தமின்றிச் சுழல வேண்டும். கிளட்ச் வயருக்குப் பற்றரியிலிருந்து 12 வோல்ற் கொடுத்தால் 'டக்' என்று ஒரே சத்தத்தோடு பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு கப்பியைச் சுழற்றினால் உள்ளே இரும்போடு இரும்பு உரசும் ஒலி கேட்கக் கூடாது. காற்று வெளியேறும் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். இலேசான ஒயில் ஈரம் வழமையானது. விரல் நனையும் அளவுக்கு இருந்தால் உட்சீல் போய்விட்டது. இந்தச் சுப்பர்சார்ஜருக்கு எஞ்சின் ஒயிலோடு தொடர்பில்லாத தனி ஒயிலும், அதைப் பார்க்கச் சிறிய அளவுகோலும் உண்டு; அது வற்றிய நிலையில் பல எஞ்சின்கள் விற்பனைக்கு வருகின்றன.

எஞ்சினோடு அதன் ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), முழு வயரிங், காற்றளவு மானி அல்லது அழுத்த உணரி, இன்டர்கூலர் (அழுத்தத்தில் சூடான காற்றைக் குளிரவைப்பது), கியர்பொக்ஸ் ஆகியவற்றையும் ஒரே வாகனத்திலிருந்து கழற்றிய தொகுதியாக வாங்குங்கள். தொடக்கத் தயாரிப்புகள் காற்றளவு மானியோடும் பிந்தியவை அழுத்த உணரியோடும் வந்தன, ஒன்றின் ஈ.சி.யூ. மற்றதோடு வேலை செய்யாது. கியர்பொக்ஸும் முக்கியம். சுப்பர்சார்ஜர் வாகனங்களுக்கு டொயோட்டா வலுவான ஈ வகைக் கியர்பொக்ஸைக் கொடுத்தது; 1.5 லீற்றர் வாகனத்தின் சீ வகை இந்த முறுக்கை நெடுநாள் தாங்காது.

படி 3: நிலத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

டைமிங் பெல்ட், அதன் இறுக்கி, தண்ணீர்ப் பம்ப், கிராங்கின் முன்-பின் சீல்கள், ஒயில் சம்ப் கஸ்கட், தேர்மோஸ்டாட், கிளட்ச் பிளேற், ரிலீஸ் பெயாரிங். இவற்றை எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். உள்ளே போன பிறகு பின் சீல் ஒழுகினால் கியர்பொக்ஸை மீண்டும் இறக்க வேண்டும்.

படி 4: பழைய எஞ்சினைக் கழற்றுதல்

வாவிக்கும் கடலுக்கும் இடையில் வாழும் நம் வாகனங்களில் உப்புக்காற்று ஆணிகளை நன்றாகவே தின்றிருக்கும். புகைக்குழாய், குறுக்குச்சட்டம், சில்லுகளின் அச்சு நட்டுகள் எல்லாவற்றுக்கும் முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுவதும் ஊற விடுங்கள். மறுநாள் சாவி கொடுத்தால் அசையாத ஆணியைப் பலத்தால் திருகாமல், சூடாக்கிக் கழற்றுவது நல்லது. புளொக்குக்குள் முறிந்த ஆணியை எடுப்பதற்கு லேத் பட்டறைக்குப் போகும் செலவு அதிகம்.

பற்றரியைக் கழற்றி, பெற்றோல் குழாயின் அழுத்தத்தை இறக்கி, கூலன்ட்டையும் கியர் ஒயிலையும் வடித்துவிடுங்கள். ஒவ்வொரு வயர் இணைப்பையும் கழற்றுமுன் ஒளிப்படம் எடுத்து, துணிப்பட்டையில் இலக்கம் எழுதி இரு பக்கமும் ஒட்டுங்கள். அச்சுத்தண்டுகளை இழுத்தெடுத்த பிறகு, செயின் புளொக்கை எஞ்சினின் தூக்கு வளையங்களில் மாட்டி, பாரத்தைச் சங்கிலி ஏந்திய பின்னரே மவுண்ட் ஆணிகளைக் கழற்ற வேண்டும். வாகனம் ஜக்கில் மட்டும் நிற்கும்போது எவரும் கீழே போகக் கூடாது. இரும்புத் தாங்கிகள் கட்டாயம். செயின் புளொக்கை மாமரக் கிளையில் கட்டுவதை நான் எங்கும் ஏற்கமாட்டேன், கிளை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் சரி.

படி 5: புதிய எஞ்சினை இறக்குதல்

1.5 லீற்றர் 5ஏ எஞ்சின் இருந்த வாகனமாயின், அது இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் எஞ்சின் பக்க மவுண்ட் பெரும்பாலும் பொருந்தும். ஈ வகைக் கியர்பொக்ஸின் தாங்கியும் அச்சுத்தண்டுகளும் வேறுபடும்; அவற்றைச் சுப்பர்சார்ஜர் வாகனத்திலிருந்தே எடுக்க வேண்டும். கியர்பொக்ஸைச் சேர்க்கும்போது கிளட்ச் பிளேற்றை மையப்படுத்தும் தண்டைப் பயன்படுத்துங்கள். கியர்பொக்ஸ் கையால் தள்ளும் அளவில் போய்ப் பொருந்த வேண்டும். ஆணியை இறுக்கி இழுத்துப் பொருத்தினால் பிளேற் வளையும். மவுண்ட் ஆணிகளை எல்லாம் பூட்டிவிட்டு, கடைசியில் டோர்க் ரென்ச்சால் கைந்நூல் சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள்.

இன்டர்கூலர் விடயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். இந்த எஞ்சினின் இன்டர்கூலர் மேலே படுத்திருப்பது. அதற்குக் காற்று கொடுக்கவே மூல வாகனத்தின் பொனற்றில் துளைக்கூடு இருந்தது. சாதாரணக் கொரோலாவின் மூடிய பொனற்றின் கீழ் அது குளிரூட்டாது, சூட்டைச் சேமித்து வைக்கும். பொனற்றை மாற்றுங்கள், அல்லது றேடியேற்றருக்கு முன்னால் நிற்கும் இன்டர்கூலர் பூட்டுங்கள்.

படி 6: பெற்றோலும் வயரிங்கும்

உங்கள் வாகனம் காபரேற்றரோடு வந்ததாயின், பழைய பம்பின் அழுத்தம் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குப் போதாது. பெற்றோல் தாங்கிக்குள் உயர் அழுத்த மின்பம்ப், எஞ்சின் வரை அழுத்தம் தாங்கும் குழாய், திரும்பும் குழாய் மூன்றும் வேண்டும். உள்ளே தடுப்புத் தகடு உள்ள இன்ஜெக்ஷன் தாங்கியையே தேடி எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் பெற்றோல் குறைவாக உள்ளபோது வளைவில் பம்ப் காற்றை உறிஞ்சும்.

வயரிங் பார்வைக்குப் பயமுறுத்தினாலும், முழுத் தொகுதியோடு வாங்கியவருக்கு வாகனத்தோடு இணைக்க வேண்டியவை சில கம்பிகள்தாம்: நிரந்தர மின்சாரம், சாவி திறந்ததும் வரும் மின்சாரம், ஸ்டார்ட்டர், பெற்றோல் பம்ப், எச்சரிக்கை விளக்கு, சுற்றுமானி, நல்ல ஏர்த். இணைப்புகளை முறுக்கி ரேப் சுற்றாமல், ஈயம் வைத்து, சுருங்கும் உறை போடுங்கள். நம் ஈரப்பதத்தில் முறுக்கிய செம்பு விரைவில் பச்சை பிடிக்கும்.

படி 7: முதல் தடவை இயக்குதல்

இன்ஜெக்டர் இணைப்பையும் பற்றவைப்பையும் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் விட்டுவிட்டுச் சுழற்றுங்கள். பிறகு இணைத்து இயக்குங்கள். எஞ்சின் சூடானதும், பரிசோதனைப் பெட்டியில் உரிய இரு முனைகளையும் குறுக்கிணைத்து, டைமிங் விளக்கால் பற்றவைப்பைப் பிஸ்டன் மேல்நிலைக்கு வருமுன் 10 பாகையில் வையுங்கள். ஹீற்றரைத் திறந்து வைத்துக் கூலன்ட்டின் காற்றை வெளியேற்றி, விசிறி தானாகச் சுழலத் தொடங்கும் வரை காத்திருங்கள்.

அதன் பின் வாகனத்தைச் சில வாரங்கள் சாதாரணமாகப் பாவியுங்கள். நண்பகலில் கல்லடியிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி ஊடாகக் கல்முனைக்குப் போய் வருவதைவிடக் கடுமையான குளிரூட்டல் சோதனை இல்லை. கடைத்தெருவுக்குக் கடைத்தெரு நின்று நின்று ஊரும்போது வெப்பமானி நடுவில் அசையாமல் நின்றால் றேடியேற்றர் போதும். சுமைச் சோதனைக்குச் செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மஹாஓயாவைத் தாண்டி மலையேறுங்கள். மாடு படுத்திருக்கும் வீதி என்பதை மறக்க வேண்டாம்.

படி 8: எஸ்.சி.14 பூட்டுதல்

எஸ்.சி.14 என்பது இதே வகையின் பெரிய அண்ணன். 1988 சி.சி. ஆறு சிலிண்டர் 1ஜீ-ஜீஇசட்ஈ எஞ்சினிலும், சுப்பர்சார்ஜர் பூட்டிய எஸ்டிமாவிலும் வந்தது. ஒரு சுற்றுக்கு 1420 சி.சி. தள்ளும், அதாவது சுமார் 18 சதவீதம் அதிகம்.

இங்கே கணக்கை ஊன்றிப் பாருங்கள். மூல எஞ்சினின் ஊக்க அழுத்தம், அதாவது வளி அழுத்தத்துக்கு மேல் சுப்பர்சார்ஜர் கூட்டும் அழுத்தம், சுமார் 8 பி.எஸ்.ஐ. எனக் கொண்டால், 18 சதவீதம் கூடினால் ஒன்பதரைதானே என்று தோன்றும். அது சரியல்ல. வளி அழுத்தம் 14.7ஐயும் சேர்த்த மொத்த அழுத்தமான 22.7தான் 18 சதவீதம் கூடும். அது ஏறக்குறைய 26.9 ஆகும், வளி அழுத்தத்தைக் கழித்தால் மானியில் 12 பி.எஸ்.ஐ. நடைமுறையில் கசிவால் சற்றுக் குறையும். அப்படியிருந்தும், கப்பியை மாற்றாமலே நீங்கள் எஞ்சினிடம் ஒன்றரை மடங்கு ஊக்கம் கேட்கிறீர்கள்.

அந்த அழுத்தம் சூட்டோடு வருகிறது. வெளியே 34 பாகை செல்சியஸ் உள்ள வெயிலில், ரூட்ஸ் வகையின் வினைத்திறனை 55 சதவீதம் எனக் கொண்டால், 8 பி.எஸ்.ஐ.யில் காற்று சுமார் 108 பாகையிலும், 12இல் 135 பாகைக்கு மேலும் வெளிவரும். ஆகையால் முன் இன்டர்கூலர் இல்லாமல் எஸ்.சி.14 பூட்டுவது நம் பகுதியில் காசைக் கரியாக்கும் வேலை. பெற்றோல் 95 ஒக்டேன் மட்டும். 92 வேண்டவே வேண்டாம்.

பூட்டும் வேலையில் கடினமானது சுப்பர்சார்ஜரை எஞ்சினோடு பிடித்து வைக்கும் தாங்கிதான். எஸ்.சி.14இன் ஆணித்துளைகளும் காற்று வாய்களும் வேறு இடத்தில் உள்ளன. தடித்த இரும்புத் தகட்டில் தாங்கி செய்விக்க வேண்டும். முதலில் தடித்த அட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள், பொனற் மூடுகிறதா என்றும் பாருங்கள். பிறகு புள்ளி வெல்டிங் மட்டும் போட்டு, சுப்பர்சார்ஜரை மாட்டி, நேரான உருக்குக் கோலைக் கிராங்க் கப்பியின் முகத்தில் வைத்துச் சுப்பர்சார்ஜர் கப்பி வரை நீட்டுங்கள். இரு கப்பிகளின் முகங்களும் கோலைத் தொட வேண்டும். ஒரு பக்கம் வெளிச்சம் தெரிந்தால், அந்த இடைவெளியைத் தகட்டு மானியால் அளந்து வொஷரால் சரிசெய்யுங்கள். பெல்ட்டை மாட்டி இறுக்கியபின் மறுபடியும் கோலை வையுங்கள், ஏனெனில் பெல்ட்டின் இழுவையில் மெலிந்த தாங்கி சற்றே சாயும். சாய்ந்தால் தாங்கிக்கு இன்னொரு கால் கொடுத்த பின்னரே முழு வெல்டிங் போட வேண்டும். கிராங்க் கப்பியின் வரிகளும் சுப்பர்சார்ஜர் கப்பியின் வரிகளும் எண்ணிக்கையில் ஒத்திருப்பதும் அவசியம்.

பைபாஸ் வால்வையும் கிளட்ச் வயரையும் பழையபடியே இணையுங்கள். சுப்பர்சார்ஜர் ஒயிலைப் புதிதாக, அளவுகோலின் குறி வரை விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

படி 9: ரியூனிங்

மூல ஈ.சி.யூ. 12 பி.எஸ்.ஐ.க்கான கணக்கை அறியாது. தனித்து இயங்கும் ரியூனிங் ஈ.சி.யூ. ஒன்றும், காற்று-பெற்றோல் விகிதத்தைக் காட்டும் அகலப் பட்டை ஒட்சிசன் உணரியும், ஊக்க அழுத்த மானியும் இல்லாமல் முழு அக்சிலறேற்றர் கொடுக்க வேண்டாம். 200 குதிரைவலுவை எதிர்பார்த்தால், நான்கு இன்ஜெக்டரும் தம் திறனில் 80 சதவீதத்துக்குள் வேலை செய்ய, ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 சி.சி. கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். முழு ஊக்கத்தில் காற்று-பெற்றோல் விகிதம் 11.5க்கும் 12க்கும் இடையில் நிற்கட்டும். பற்றவைப்பை முதலில் பிந்தியே வைத்து, தட்டல் ஒலி இல்லை என்று உறுதியானபின் சிறிது சிறிதாக முன்னகர்த்துங்கள். வாகனத்தின் வலுவை அளக்கும் டைனோவில் செய்வதற்குக் கொழும்பு வரை போக நேர்ந்தாலும் அந்தச் செலவு வீணல்ல. பொது வீதி அதற்கான இடமல்ல. முன் பிரேக்கைக் காற்றோட்டமுள்ள டிஸ்க்குக்கு மாற்றும் வேலையும் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ரியூனிங் முடிந்த முதல் கிழமையில், எஞ்சின் ஆறியிருக்கும் ஒவ்வொரு காலையும் பெல்ட்டின் இறுக்கம், தாங்கி ஆணிகள், இன்டர்கூலர் குழாய்க் கவ்விகள், சுப்பர்சார்ஜர் ஒயில் அளவு ஆகியவற்றைப் பாருங்கள். ஊக்க மானி திடீரென்று வழமையைவிடக் குறைவாகக் காட்டினால் பெல்ட் வழுக்குகிறதா அல்லது கவ்வி கழன்றதா என்றுதான் முதலில் தேட வேண்டும். கூடுதலாகக் காட்டினால், காரணம் தெரியும் வரை வாகனத்தை எடுக்க வேண்டாம்.