டாப் ஸ்டேஷனில் ஏறி குரங்கணியில் இறங்க: ஒருவழி மலைநடைக்கு வண்டி ஏற்பாடு செய்வது எப்படி?

போன வழியே திரும்பி வருகிற நடைக்கு வண்டித் திட்டம் என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். நிறுத்தினோம், நடந்தோம், வந்து எடுத்தோம், அவ்வளவுதான். பள்ளத்தாக்கின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வருகிற நடை அப்படியில்லை. முட்டி வலியோடு வெளியே வந்து நிற்கிற இடத்தில் உங்கள் வண்டி இருக்காது. அது மலைக்கு அந்தப் பக்கம் நிற்கும்.

இந்தச் சிக்கலைப் புரிந்துகொள்ள எங்கள் தேனி மாவட்டத்துப் போடி (போடிநாயக்கனூர்) பக்கத்தை விட நல்ல உதாரணம் கிடைக்காது. மலை மேலே இருக்கிற டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே இருக்கிற குரங்கணி கிராமத்துக்கு நடை 12 கி.மீ. அளவுதான். அதையே ரோட்டில் சுற்றிப் பாருங்கள். டாப் ஸ்டேஷன் – மூணாறு 32 கி.மீ., மூணாறு – போடிமெட்டு வழியாகப் போடி 68 கி.மீ., போடி – குரங்கணி 16 கி.மீ. மொத்தம் 116. நடைக்குப் பத்து மடங்கு ரோடு. டாப் ஸ்டேஷன் நம் தேனி மாவட்டம்தான், ஆனால் ரோடு கேரளாவிலிருந்துதான் வருகிறது.

வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்கும் இதே தலைவலி இருந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902-இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908-இல் அதைச் சின்ன ரயில் பாதையாக்கினார்கள். டாப் ஸ்டேஷனில் வந்து இறங்கிய தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடி பக்கம் இருந்த பாட்டம் ஸ்டேஷனுக்கு வந்தன. அங்கிருந்து போடிக்கு வண்டி. 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போனது. பெயர்கள் மட்டும் நிலைத்துவிட்டன. நடுவழியில் இருக்கிற சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு இன்றும் பஸ் கிடையாது. சரக்கு குதிரை முதுகில்தான் ஏறுகிறது. ஆக, தேயிலைக்குக் கிடைத்த வசதி நமக்கு இல்லை. நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

படி 1: முதலில் அனுமதி, அப்புறம் வண்டி

வண்டி பேசி முன்பணம் கொடுத்துவிட்டு அனுமதிக்கு அலைகிறவர்கள் நிறைய. தலைகீழாகச் செய்யுங்கள். 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். அவர்கள் அனுமதிச் சீட்டு வாங்கியது டாப் ஸ்டேஷன் பாதைக்கு, போனது கொழுக்குமலைக்கு என்று அப்போது அதிகாரிகள் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. எந்தப் பாதை எந்தத் தேதியில் திறந்திருக்கிறது என்று அந்தத் தளத்தில் பாருங்கள். நீங்கள் போக நினைக்கிற பாதை அதில் இல்லாவிட்டால் போடி வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ‘கிடையாது’ என்றால் கிடையாதுதான். வனத்துறை வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள்.

2025-இல் தீ அபாயத்துக்காக பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடினார்கள். கோடைக்குத் திட்டமிடுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

அனுமதி எந்தப் பாதைக்கு, எந்த முனையில் நுழைந்து எந்த முனையில் வெளியேற என்று சீட்டில் எழுதியிருப்பதைப் பொறுத்துத்தான் வண்டியே. நுழைகிற முனையில் திரும்பி வரச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. ஒரு வண்டி போதும்.

படி 2: எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம்?

புதிதாக வருகிறவர்கள் இறக்கமா ஏற்றமா என்று மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். நான் முதலில் கேட்பது, எந்த முனையில் வண்டி நிச்சயம், எந்த முனையில் சந்தேகம் என்பதைத்தான். சந்தேகமான பயணத்தை நடைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். நிச்சயமான வண்டியை நோக்கி நடக்க வேண்டும்.

டாப் ஸ்டேஷன் பக்கம் எவ்வளவு சந்தேகம் என்று பாருங்கள். மூணாறிலிருந்து வருகிற ரோட்டில் மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயின்ட், குண்டளை என்று வரிசையாக டூரிஸ்ட் இடங்கள். சனி, ஞாயிறு வந்தால் எக்கோ பாயின்ட் அருகே வண்டி நகராது. மழைக்காலத்தில் தேவிகுளம் – பூப்பாறை இடையே கேப் ரோட்டில் மண் சரிந்து வழி அடைபடுவது புதிதில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஹர்த்தால், அதாவது கேரளாவின் முழு அடைப்பு. மூணாறு இருக்கிற இடுக்கி மாவட்டத்துக்கு மட்டும் அறிவித்தாலும் மாநில எல்லையான போடிமெட்டில் நம் வண்டி நின்றுவிடும். பயணத்துக்கு முந்தைய நாள் மலையாளச் செய்தி ஒன்றைப் பார்த்துவிடுங்கள்.

இத்தனையையும் நடந்து களைத்த பிறகு, இருட்டின பிறகு சமாளிக்க வேண்டுமா? காலையில், கையில் நேரம் இருக்கும்போது சமாளிப்பது மேல். அதனால் மேலே வண்டியில் போய், கீழே குரங்கணிக்கு நடந்து வருவதே என் கட்சி. குரங்கணியில் வண்டி வராவிட்டாலும் ஊர் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, போடி 16 கி.மீ. தான்.

ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம் என்பதால் முட்டி சரியில்லாதவர்கள் மட்டும் ஏறுவதை யோசிக்கலாம். அப்படியானால் அன்றிரவு மூணாறில் தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றே போடி திரும்ப நினைக்காதீர்கள்.

படி 3: கணக்கைக் கடைசியிலிருந்து போடுங்கள்

ஒரு தாளில் கீழிருந்து மேலாக எழுதுங்கள்.

குரங்கணி மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. மேற்கே சுவர் மாதிரி மலை. சூரியன் மறைய ஆறு மணி ஆனாலும், பள்ளத்தாக்குக்குள் நிழல் அதற்கு வெகு முன்பே விழுந்துவிடும். மரத்தடியில் வேர் எது, கல் எது என்று தெரியாத நேரம் அது. எனவே ஊருக்குள் வந்து சேர 3:30 மணி என்று வையுங்கள்.

புதியவர்களுக்கு இறங்க, உட்கார, சாப்பிட எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம். அப்படியானால் மேலே 9:30-க்குக் கிளம்ப வேண்டும். வழிகாட்டியைப் பார்த்து, சீட்டைக் காட்டி, தண்ணீர் பிடிக்க அரை மணி. ஆக டாப் ஸ்டேஷனில் 9 மணி. மூணாறிலிருந்து ஒன்றரை மணி நேரம் என்றால் 7:30-க்குக் கிளம்ப வேண்டும். கூட்ட நாளாக இருந்தால் 6:30.

இப்போது போடியிலிருந்தே அன்று காலை கிளம்பினால் என்ன என்று கணக்குப் பாருங்கள். போடி – மூணாறு இன்னும் மூன்று மணி நேரம் கூடுகிறது. விடிகாலை 4:30 மணிக்கு, பனி மூட்டத்தில், 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, யானை நடமாடும் பூப்பாறை – சின்னக்கானல் பக்கம் இருட்டில் போக வேண்டும். அரிக்கொம்பன் யானை அந்தக் காட்டுக்காரன்தான். 2023-இல் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஆனால் அவன் சொந்தக்காரர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். முந்தின இரவு மூணாறில் தங்குங்கள். அறை வாடகைக்குப் பயந்து இந்த ஒரு செலவைக் குறைக்கிறவர்கள்தான் மத்தியானம் 12 மணிக்கு டாப் ஸ்டேஷனில் நிற்கிறார்கள். அந்த நேரத்துக்கு இறங்கத் தொடங்கவே கூடாது. அப்படி ஆகிவிட்டால் வியூ பாயின்ட்டைப் பார்த்துவிட்டு அதே வண்டியில் திரும்புங்கள்.

படி 4: வண்டிக்கு என்னென்ன வழி

*இரண்டு சொந்த வண்டி.* எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது. ஒன்றைக் குரங்கணியில் விட்டு, எல்லோரும் மற்றதில் மேலே போவது. நடை முடிந்ததும் கீழே நிற்கிற வண்டியில் போய் மேலே நிற்கிற வண்டியை எடுக்க வேண்டுமே, அதை யோசித்தீர்களா? 116 கி.மீ. ஏறி, மறுபடி 116 கி.மீ. இறங்க வேண்டும். இரண்டு முனைக்கும் நடுவே ரோடு இருபது, முப்பது கி.மீ. இருக்கிற இடத்துக்கு இது அருமையான ஏற்பாடு. இங்கே வேண்டாம்.

*சாவி மாற்றுவது.* இரண்டு குழு, இரண்டு வண்டி. ஒன்று மேலிருந்து இறங்கும், ஒன்று கீழிருந்து ஏறும். நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷனில் சந்தித்து சாவியை மாற்றிக்கொண்டு போகலாம். டீசல் மிச்சம். ஆனால் ஒரு குழு கிளம்பத் தாமதமானால் மற்றது காட்டில் காத்திருக்க வேண்டும். ஒரு குழு பாதியில் திரும்பிவிட்டால் சாவியும் திரும்பிவிடும். வண்டிக்கு இரண்டாம் சாவி இருந்தால், கிளம்பும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது நடுவில் சந்திக்காவிட்டாலும் குடி முழுகாது. அனுமதியும் வழிகாட்டியும் இரண்டு குழுவுக்கும் தனித்தனியாக வேண்டும்.

*பஸ்.* போடியிலிருந்து மூணாறுக்கு பஸ் உண்டு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன், வட்டவடை பக்கமும் உண்டு. தனியாகவோ இரண்டு பேராகவோ போகிறவர்களுக்கு இதுவே போதும். முதல் நாளே மூணாறு ஸ்டாண்டில் காலை முதல் பஸ் எப்போது என்று நேரில் கேளுங்கள். இணையத்தில் கிடக்கிற பழைய நேர அட்டவணையை நம்பாதீர்கள். குரங்கணியிலிருந்து போடிக்கு பஸ் குறைவு. கடைசி பஸ் நேரத்தைப் போடியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அது இல்லை என்றே வைத்து ஒரு ஆட்டோக்காரர் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

*டிரைவரோடு வாடகை வண்டி.* நான்கு பேருக்கு மேல் என்றால் நான் சொல்வது இதைத்தான். போடியில் விடிகிற நேரத்தில் ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். தூக்குவாளியோடு ஏலத் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் உட்கார இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஜீப் கூரையில் உரமூட்டை ஏறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் டிரைவரிடம் வாடகை பேசினால் காதில் விழாது. தோட்டத்து ஆட்களை இறக்கிவிட்டு அவர் திரும்பி வந்த பிறகு, டீக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள்.

பேசும்போது மூன்று விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒன்று, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற தூரத்துக்கும் சேர்த்தா வாடகை? ஆமாம் என்றுதான் வரும், அது நியாயமும்கூட. இரண்டு, கேரளாவுக்குள் போக வாடகை வண்டிக்கு பெர்மிட், வரி உண்டு. அது யார் கணக்கு? சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு வண்டியை ‘சும்மா போயிரலாம் அண்ணே’ என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். போடிமெட்டில் இரண்டு மாநில செக்போஸ்ட்டும் இருக்கிறது. மூன்று, ராத்தங்கல். டிரைவருக்கும் மூணாறில் சாப்பாடும் படுக்கையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கூடுதல் லாபம் இருக்கிறது. மாற்றுத் துணி, பெரிய பை எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும். உங்களை 9 மணிக்கு இறக்கிவிட்டால், அதே டிரைவர் 116 கி.மீ. சுற்றி குரங்கணிக்கு வந்து சேர நேரம் தாராளமாக இருக்கிறது. நீங்கள் கையில் தண்ணீர், சாப்பாடு, மழைக்கோட்டு, டார்ச் மட்டும் வைத்து நடக்கலாம். மருந்தும் பணமும் அடையாள அட்டையும் பெரிய பையில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: மழை எங்கே பெய்கிறது?

மூணாறு பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். நம் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் மழை. ஆக, நடு ஆண்டில் ரோடு அடைபடும், ஆண்டுக் கடைசியில் ஓடை பெருகும். கொட்டகுடி ஆறு இந்த மலையில்தான் பிறந்து வைகைக்குப் போகிறது. குரங்கணியில் வெயில் அடிக்கும்போதே மேலே பெய்த மழையில் ஓடை கலங்கி வரும். தெளிவாக ஓடிய தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறி, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால் கடக்க நினைக்காதீர்கள். மேடான இடத்தில் காத்திருங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பாதை மூடுகிற வரை உள்ள நாட்கள் எனக்குப் பிடித்தவை.

படி 6: பாதியில் வெளியேற வேண்டி வந்தால்

ஒருவழி நடையில் பாதிக்கு மேல் போய்விட்டால் திரும்புவதும் முன்னே போவதும் ஒரே பாடுதான். 2018 தீயின்போது ஆம்புலன்ஸ் குரங்கணி வரைதான் வர முடிந்தது. அதற்கு மேல் அடிபட்டவர்களைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தார்கள், விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. அதனால் சென்ட்ரல் ஸ்டேஷனை உங்கள் முடிவெடுக்கும் இடமாக வையுங்கள். எத்தனை மணிக்குள் அங்கே வர வேண்டும் என்று வழிகாட்டியிடம் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரம் தவறினால் அதற்கு மேல் போட்டோவுக்கும் குளியலுக்கும் நிற்கக்கூடாது.

படி 7: ஒரு துண்டுச் சீட்டு

பாதையில் பல இடங்களில் சிக்னல் இருக்காது. டிரைவரிடம் ‘வந்ததும் போன் பண்றேன்’ என்று சொல்வதில் பயனில்லை. ஒரு சீட்டில் பெயர்கள், வழிகாட்டி நம்பர், நுழைந்த நேரம், வெளியே வர வேண்டிய நேரம், எத்தனை மணிக்கு மேல் வராவிட்டால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி டிரைவரிடம் ஒன்று, வீட்டில் ஒன்று கொடுங்கள். நான் போடுவது மாலை 6 மணி. அதுவரை டிரைவர் பதறக்கூடாது, அதற்கு மேல் சும்மா இருக்கக்கூடாது. சந்திக்கும் இடத்தையும் ‘குரங்கணி’ என்று மொட்டையாகச் சொல்லாமல், பஸ் வந்து திரும்புகிற இடம் என்று சொல்லுங்கள்.

திரும்பும் ரயில் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஜூனிலிருந்து போடிக்கு மறுபடி ரயில் வருகிறது. மதுரைக்கு தினமும், சென்னைக்கு வாரம் மூன்று நாள். நடந்து முடித்த அன்றைக்கே சென்னை ரயிலுக்கு டிக்கெட் போட ஆசை வரும். போடாதீர்கள். ரயில் நேரம் மண்டையில் ஓடினால் ஓடைக்கரையில் காத்திருக்கப் பொறுமை வராது. மறுநாளைக்குப் போடுங்கள், மறுநாள் சென்னை ரயில் இல்லையென்றால் மதுரை போய் மாறிக்கொள்ளலாம்.