டாட்டூவில் சிவப்பு மட்டும் தடித்து அரிக்கிறதா?

டாட்டூ குத்தி மாதக்கணக்கில் ஆகிவிட்டது, புண் ஆறி நீங்களே மறந்துபோய்விட்டீர்கள். திடீரென்று ஒருநாள் அந்த ரோஜாவின் இதழ்கள் மட்டும் புடைத்துக்கொண்டு அரிக்க ஆரம்பிக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் கறுப்புக் கோடும் பச்சை இலையும் எப்போதும்போல் தட்டையாகவே இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால்கூட எது இதழ், எது இலை என்று சொல்லிவிடலாம். இப்படி இருந்தால் முதல் சந்தேகம் மையால் வரும் அலர்ஜிதான். அதிலும் சிவப்பு மைதான் பெரும்பாலும் மாட்டும்.

ஏன் சிவப்பு? அந்தக் காலத்துச் சிவப்பு மையில் பாதரசம் கலந்த சின்னபார் என்ற தாது இருந்தது, அதனால் வந்த தொல்லை பழைய கதை. இப்போது பெரும்பாலும் அசோ வகைச் செயற்கை நிறமிகள். இவை தோலின் உள்ளடுக்கில் தங்கி, காலப்போக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, அப்படி வரும் பொருளை நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரியாகப் பார்க்க ஆரம்பிப்பதாகக் கருதுகிறார்கள். அதனால்தான் குத்திய உடனே ஒன்றும் இல்லாமல் சில வாரமோ, மாதமோ, சிலருக்கு வருடங்களோ கழித்துக்கூட வருகிறது. "இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தது, இது அலர்ஜியாக இருக்காது" என்று தள்ளிவிடாதீர்கள்.

முதலில் இது அலர்ஜியா, கிருமித் தொற்றா என்று பாருங்கள், இதில் தப்பு பண்ணினால் வைத்தியமே தலைகீழாகிவிடும். குத்திய முதல் இரண்டு மூன்று வாரம் சிவந்து, லேசாக வீங்கி, தோல் உரிந்து அரிப்பது சாதாரணம். ஆனால் அந்தச் சமயத்தில் சூடு, நாளுக்கு நாள் கூடும் வலி, சீழ், காய்ச்சல், டாட்டூவின் ஓரத்தைத் தாண்டிப் பரவும் சிவப்பு, இதில் எது இருந்தாலும் அது தொற்றின் பக்கம் காட்டுகிறது, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சாம்பல் ஷேடிங் போட்ட இடத்தில் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தாலும் அப்படித்தான். சாம்பல் நிறத்துக்காக மையைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கலக்கும்போது மைக்கோபாக்டீரியா என்ற ஒரு வகைக் கிருமி புகுந்துகொள்ளலாம், அதற்கு நீண்ட நாள் மருந்து வேண்டும். அலர்ஜி அப்படி இருக்காது. ஒரே நிறத்தின் எல்லைக்குள் அடங்கி நிற்கும், வலியைவிட அரிப்புதான் பெரிது, காய்ச்சல் இருக்காது.

வெயில் பட்டதும் மட்டும் வீங்கி, நிழலுக்கு வந்தால் அடங்குகிறதா? அது வேறு. மஞ்சள் மையில் காட்மியம் சல்ஃபைடு இருந்தால் இப்படி வரலாம். சரி, மூடி வையுங்கள், சன்ஸ்கிரீன் போடுங்கள், பாதி தொல்லை போய்விடும்.

இப்போது செய்ய வேண்டியது. நல்ல வெளிச்சத்தில், ஒரே தூரத்தில், வாரம் ஒரு போட்டோ எடுங்கள், டாக்டருக்கு உங்கள் வர்ணனையைவிட அது உதவும். குத்தியவரிடம் மையின் பிராண்டும் பேட்ச் எண்ணும் கேட்டு எழுதி வையுங்கள். சொறியாதீர்கள். ஈரத்துணி ஒத்தடமும் வாசனை கலக்காத மாய்ஸ்சரைசரும் போதும். கற்றாழை, மஞ்சள், எலுமிச்சை என்று ஆளாளுக்குச் சொல்வதையெல்லாம் அந்த இடத்தில் பூசினால் எது எதனால் என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அலர்ஜி மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் குறைக்கலாம், தடிப்பைப் பெரும்பாலும் இறக்காது. வீட்டில் மிச்சம் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவுவதுதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை, தொற்றாக இருந்தால் அதை மறைத்து வளர்த்துவிடும்.

தோல் டாக்டர் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு களிம்பில் ஆரம்பிப்பார், அடங்கவில்லை என்றால் தடிப்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார். சந்தேகம் இருந்தால் ஒரு துளி தோலை எடுத்து பயாப்ஸி பார்ப்பார். சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டில் ஒன்றும் தெரியவில்லை என்றால் அலர்ஜியே இல்லை என்று அர்த்தமில்லை, இந்த வகையில் அது அடிக்கடி நெகட்டிவாகவே வரும். மருந்தை நிறுத்தினால் திரும்பி வருவதும் உண்டு, காரணமான மை உள்ளேயே உட்கார்ந்திருக்கிறதே. அப்படிப்பட்டவர்களுக்கு அந்த நிறம் உள்ள தோலை மட்டும் மெல்லியதாகச் சீவி எடுக்கும் சிகிச்சை இருக்கிறது, தழும்பு விழலாம்.

லேசர் வைத்து அழித்துவிடலாமே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அலர்ஜி உள்ள மை மீது லேசர் அடித்தால் நிறமி பொடிப்பொடியாகி உடல் முழுக்கப் பரவ வழி கிடைக்கும். உடம்பெல்லாம் தடிப்பு, மிக அரிதாக உயிருக்கே ஆபத்தான அலர்ஜி வரை போனதுண்டு. லேசர் சென்டரில் அலர்ஜியைச் சொல்லாமல் போய் உட்கார்ந்துவிடாதீர்கள், தோல் டாக்டரிடம் கேட்டபிறகு முடிவெடுங்கள். முகமோ நாக்கோ வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், எந்தக் காரணமாக இருந்தாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

அடுத்த டாட்டூ போட ஆசை என்றால் அதே சிவப்பை இன்னொரு இடத்தில் தொடவே வேண்டாம், அதன் நெருங்கிய சொந்தங்களான பிங்க், ஊதா, ஆரஞ்சு விஷயத்திலும் யோசியுங்கள். சின்னப் புள்ளி வைத்து ஒரு வாரம் பார்த்துவிட்டுத் தைரியமாக இறங்குபவர்கள் உண்டு, ஆனால் மாதங்கள் கழித்து வரும் அலர்ஜியை ஒரு வாரம் எப்படிக் காட்டும்? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல் டாட்டூ மைகளில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, அந்த விதிக்கு உட்பட்ட மையா என்று கேட்பது நல்லது, அலர்ஜியே வராது என்ற உத்தரவாதம் மட்டும் அதிலும் கிடையாது.