ஸ்கூல் அட்மிஷனுக்கு தடுப்பூசி எக்ஸெம்ப்ஷன்: எப்ப கேக்கணும், எப்படி வாங்கணும்

அமெரிக்காவுக்கு வந்து புள்ளைய கிண்டர்கார்டன்ல சேக்கப் போற நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்கற கேள்வி இது, "ஷாட் ரெக்கார்டு சரியில்லன்னு ஸ்கூல்ல திருப்பி அனுப்பிட்டாங்க, பேசாம எக்ஸெம்ப்ஷன், அதாவது ஊசி போடாம இருக்க விலக்கு, வாங்கிடலாமா?" வேணாம், அவசரப்படாதீங்க. நான் பாத்த வரைக்கும் இப்படிக் கேக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு மேல தேவைப்படறது எக்ஸெம்ப்ஷனே இல்ல, ஒண்ணு ரெண்டு ஊசியும் ஒழுங்கான பேப்பரும்தான். நிஜமாவே உடம்புக்கு ஒத்துக்காத குழந்தைங்களுக்குன்னு வெச்ச வழி இது, அதனால வரிசையா பாத்துட்டு வாங்க.

ஸ்டெப் 1: கார்டை எடுத்து தேதிகளைப் பாருங்க

ஊர்ல இருந்து கொண்டு வந்த கார்டுல தேதி முதல்ல, மாசம் அப்புறம் எழுதியிருப்பாங்க. இங்க தலைகீழ். 07/05/2021ன்னு இருந்தா அது நமக்கு மே 7, ஸ்கூல் ஆபீஸ்ல ஜூலை 5ன்னு ஏத்திடுவாங்க. அதனால ஒரு பேப்பர்ல மாசத்தை எழுத்துலயே எழுதி, குழந்தையோட பிறந்த தேதியையும் மேல போட்டு, கார்டோட சேத்து பீடியாட்ரிஷியன்கிட்ட குடுங்க.

அடுத்தது எம்எம்ஆர், அதாவது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூணுக்கும் சேத்துப் போடற ஊசி, இங்கதான் நம்ம புள்ளைங்க அதிகமா மாட்டுது. இந்தியாவுல அரசு ஆஸ்பத்திரியில 9 மாசத்துல போடறது எம்ஆர், அதுல பொன்னுக்கு வீங்கி மருந்து கிடையாது. அதுவும் போக முதல் பிறந்த நாளுக்கு முன்னாடி போட்ட தட்டம்மை டோஸை இங்க கணக்குல எடுக்க மாட்டாங்க, நாலு நாள் முன்னப்பின்ன இருந்தா மட்டும் விடுவாங்க. கார்டுல ரெண்டு தடவை சீல் இருக்கேன்னு நாம நிம்மதியா இருப்போம், இங்க கணக்கு பாத்தா குறையும். சின்னம்மை ஊசியும் அரசு அட்டவணையில இல்ல. 2016 ஏப்ரலுக்கு அப்புறம் குடுத்த போலியோ சொட்டு மருந்தையும் இங்க ஏத்துக்கறதில்ல, ஊசியாப் போட்டதைத்தான் எண்ணுவாங்க. இதெல்லாம் உங்க தப்பு இல்ல, ரெண்டு நாட்டு அட்டவணை வேற வேற, அவ்வளவுதான்.

ஸ்டெப் 2: கேட்ச்அப் போதுமான்னு கேளுங்க

விட்டுப்போன ஊசியைப் போட ஆரம்பிச்சிட்டா பல ஸ்டேட்ல தற்காலிகமா சேத்துக்குவாங்க, அடுத்த டோஸ் தேதி மட்டும் தவறக்கூடாது. எம்எம்ஆர் ரெண்டு டோஸுக்கு நடுவுல 28 நாள் இடைவெளி போதும். கார்டே தொலைஞ்சு போச்சுன்னா ரத்தத்துல எதிர்ப்பு சக்தி இருக்கான்னு டைட்டர் டெஸ்ட் எடுத்துக் காட்டலாம், தட்டம்மை மாதிரி சிலதுக்கு நிறைய ஸ்டேட்ல ஒத்துக்குவாங்க. இன்சூரன்ஸ் இல்லையேன்னு தள்ளிப்போடறீங்களா, வேக்சின்ஸ் ஃபார் சில்ட்ரன்னு ஒரு ஃபெடரல் திட்டம் 1994ல இருந்தே இருக்கு, 18 வயசு வரைக்கும் தடுப்பு மருந்து இலவசம், கிளினிக்ல கேளுங்க.

ஸ்டெப் 3: மெடிக்கல் காரணம் இருக்கா?

மெடிக்கல் எக்ஸெம்ப்ஷன் எல்லா ஸ்டேட்லயும் உண்டு. முன்னாடி போட்ட டோஸுக்கோ அதுல இருக்கற பொருளுக்கோ அனஃபிலாக்சிஸ் வந்திருந்தா, அதாவது மூச்சுத் திணறி உடம்பெல்லாம் தடிச்சு எமர்ஜென்சிக்கு ஓடற அளவுக்கு, அந்த ஊசிக்கு விலக்கு உண்டு. கேன்சருக்கு கீமோ எடுக்கற குழந்தை, எதிர்ப்பு சக்தி ரொம்பக் கம்மியான குழந்தைக்கு எம்எம்ஆர், சின்னம்மை மாதிரி உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கி செஞ்ச ஊசி போடக்கூடாது. ஐவிஐஜி (அடுத்தவங்க ரத்தத்துல இருந்து எடுத்த எதிர்ப்பு சக்தி மருந்து), ரத்தம் ஏத்தினவங்களுக்கு சில மாசம் தள்ளிப்போடச் சொல்வாங்க, அது தற்காலிகம்தான். லேசான சளி, போன தடவை ஊசி போட்டப்ப வந்த காய்ச்சல், முட்டை அலர்ஜி இதெல்லாம் எம்எம்ஆருக்குக் காரணமே ஆகாது. ஒரு ஊசி ஒத்துக்கலைன்னா அந்த ஊசிக்கு மட்டும் கேளுங்க, மத்ததைப் போட்டுடுங்க, புள்ளைக்கு அதுதான் பாதுகாப்பு.

ஸ்டெப் 4: உங்க ஸ்டேட் ஃபார்ம்

டாக்டர் லெட்டர்பேடுல எழுதிக் குடுத்தா எல்லா இடத்துலயும் செல்லாது. கலிஃபோர்னியாவுல 2021ல இருந்து கேர்-எம்ஈங்கற வெப்சைட் வழியாதான், நீங்க அக்கவுண்ட் தொடங்கி ரிக்வெஸ்ட் போட்டா ஒரு நம்பர் வரும், அதை டாக்டர்கிட்ட குடுத்தா அவர் உள்ள போய் காரணத்தை நிரப்பி பிரிண்ட் எடுத்துக் குடுப்பார், அதைத்தான் ஸ்கூல்ல குடுக்கணும். ஒரே டாக்டர் ஒரு வருஷத்துல அஞ்சு பேருக்கோ அதுக்கு மேலயோ குடுத்திருந்தா ஸ்டேட் எடுத்துப் பாக்கும், அதனால காசு வாங்கிட்டு கையெழுத்து போடறேன்னு யாராவது சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. நியூயார்க்ல வருஷா வருஷம் புதுப்பிக்கணும். டெக்சாஸ்ல ஆயுசுக்கும் இருக்கற பிரச்சனைன்னு டாக்டர் எழுதலைன்னா ஒரு வருஷம்தான் செல்லும்.

ஸ்டெப் 5: மத்த காரணங்கள்

மதம், சொந்த நம்பிக்கைன்னு சொல்லி விலக்கு வாங்கறது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். கலிஃபோர்னியா 2016லயே எடுத்துடுச்சு, நியூயார்க் 2019ல, கனெக்டிகட் 2021ல. டெக்சாஸ்ல மனசாட்சி அடிப்படையில அஃபிடவிட் குடுக்கலாம், நோட்டரி கையெழுத்து வேணும், ரெண்டு வருஷம் செல்லும். வழி இருக்குங்கறதுக்காக, பேப்பர் வேலை மிச்சம்னு தயவுசெஞ்சு இதை எடுக்காதீங்க. தட்டம்மை பரவாம இருக்க 95 சதவீதம் குழந்தைங்களுக்கு ஊசி போட்டிருக்கணும், 2024-25ல அமெரிக்க கிண்டர்கார்டன் குழந்தைங்கள்ல அது சுமார் 92.5 சதவீதம்தான். 2025ல டெக்சாஸ்ல ஊசி போடாத ரெண்டு பள்ளிக்கூட வயசுப் புள்ளைங்க தட்டம்மையில செத்துப் போச்சு. ஸ்டெப் 3ல சொன்ன கீமோ குழந்தை அதே கிளாஸ்ல உக்காந்திருக்கலாம், அதுக்குப் பாதுகாப்பே மத்த குழந்தைங்க போட்டுக்கற ஊசிதான்.

ஸ்டெப் 6: கையில வந்த அப்புறம்

ரெண்டு காப்பி எடுத்து வைங்க, முடியற தேதியை போன்ல ரிமைண்டர் போடுங்க, ஸ்கூல் மாத்தினா ஒரிஜினலைக் கேட்டு வாங்கிக்கோங்க, வேற ஸ்டேட் போனா திரும்ப முதல்ல இருந்து. தட்டம்மை கேஸ் ஸ்கூல்ல வந்தா எக்ஸெம்ப்ஷன் இருக்கற குழந்தைய 21 நாள் வரைக்கும் வீட்லயே வெச்சுக்கச் சொல்லலாம், அந்த மூணு வாரம் யார் லீவு போட்டு பாத்துக்கறதுன்னு வீட்ல இப்பவே பேசி வைங்க.