மாலை ஏழு மணிக் கட்டடத்தையும் வரையுங்கள்: புதிய பள்ளி கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய உயர்நிலைப் பள்ளியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவாகிறது. விளையாட்டு அரங்கம், நூலகம், கலையரங்கம் மூன்றையும் மாலையிலும் விடுமுறையிலும் ஊர்மக்கள் பயன்படுத்தலாம் என்றும் முடிவாகிறது. நல்ல முடிவு. ஒரே கூரை இரண்டு வேலை பார்த்தால், இன்னொரு கட்டடத்துக்கு வேண்டிய சிமெண்டும் இரும்பும் நிலமும் மிச்சம். ஆனால் இத்தகைய திட்டங்களின் வரைபடங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு ஒரே குறை திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எல்லாரும் காலை பதினோரு மணிக் கட்டடத்தைத்தான் வரைகிறார்கள். மணி அடிக்கிறது, பிள்ளைகள் நடமாடுகிறார்கள், எல்லாக் கதவுகளும் திறந்திருக்கின்றன. மாலை ஏழு மணிக்கு அதே கட்டடம் எப்படி இருக்கும் என்று வரைவார் யாருமில்லை.

திறந்து இரண்டு ஆண்டுகளான ஒரு பள்ளிக்கு ஒருநாள் மாலை போயிருந்தேன். அரங்கத்தில் இருபது பேர் இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். குழந்தையோடு வந்திருந்த ஓர் அம்மா கழிப்பறை எங்கே என்று கேட்டார். அரங்கத்தை ஒட்டிய கழிப்பறை மாணவர்களின் உடைமாற்றும் அறைக்குள் இருந்தது, அதைப் பூட்டிவிட்டார்கள். இன்னொன்று வகுப்பறைத் தாழ்வாரத்தின் கோடியில். காவலாளி சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "இந்தக் கதவைத் திறந்தால் அலாரம் அடிக்கும், நானும் கூடவே வர வேண்டும்" என்றார். மூவரும் நடக்க நடக்கத் தாழ்வாரத்து விளக்குகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே எரிந்தன. ஆளில்லாத வகுப்பறைகளிலிருந்து காற்று வரும் சத்தம் கேட்டது. விசாரித்தால், அரங்கத்துக்கும் அந்தப் பகுதியின் அத்தனை வகுப்பறைகளுக்கும் ஒரே காற்றோட்ட இயந்திரமாம். இருபது பேருக்காக ஒரு முழுப் பகுதியே இயங்கிக்கொண்டிருந்தது. கூரை நிறைய சூரிய மின்பலகைகள் வைத்த பள்ளி அது.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. ஆனால் அடித்தளம் போடுவதற்கு முன்பே செய்தாக வேண்டும். தரைத்தள வரைபடத்தில் ஒரு கோடு போடுங்கள். அதன் ஒரு பக்கம் ஊருக்கும் பொதுவான அறைகள்: தனி வாசல், கழிப்பறை, குடிநீர், வரவேற்பு மேசை, சக்கர நாற்காலியில் வருபவருக்கான வழி எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். மறுபக்கம் இரவில் பூட்டப்படும் பள்ளி. கதவும் பூட்டும் அந்தக் கோட்டில் அமைவதை எல்லாரும் கவனித்துவிடுகிறார்கள். மின்சுற்று, காற்றோட்டம், வெந்நீர், அலாரம், தீ விபத்தின்போது வெளியேறும் வழி ஆகியவையும் அதே கோட்டில்தான் பிரிய வேண்டும் என்பதுதான் மறந்துபோகிறது. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பொறியாளர் வரைகிறார்; அவரவர் வசதிக்கு ஓரிடத்தில் பிரிக்கிறார். அரங்கத்தின் அவசர வழிகளில் ஒன்று பூட்டிய தாழ்வாரத்துக்குள் போய் முடிந்தால் மாலையில் அந்த அரங்கத்தையே திறக்க முடியாது. எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஏழு மணிக்கு எது எது இயங்கும் என்று வண்ணப் பென்சிலால் தீட்டிப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் முடிகிற வேலை.

இந்த எண்ணம் புதியதும் அல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயரில் கல்வித் துறைத் தலைவராக இருந்த ஹென்றி மோரிஸ், பகலில் பிள்ளைகளுக்கும் மாலையில் பெரியவர்களுக்குமாகக் கிராமக் கல்லூரிகளை உருவாக்கினார். முதலாவது 1930-இல் சாஸ்டனில் திறக்கப்பட்டது. 1939-இல் திறக்கப்பட்ட இம்பிங்டன் கல்லூரியை வால்டர் குரோப்பியஸும் மேக்ஸ்வெல் ஃப்ரையும் வடிவமைத்தார்கள். அங்கே வகுப்பறைகள் ஒரு சிறகில், பெரியவர்களுக்கான அறைகள் இன்னொரு சிறகில், இரண்டையும் சேர்ப்பது அகன்ற ஒரு நடைவெளி. மாலைக் கட்டடத்தையும் யோசித்தே வரைந்திருக்கிறார்கள்.

இன்னொரு தவறு இதற்கும் முந்தியது. இடிக்கத்தான் வேண்டுமா என்று கேட்காமலே இடித்துவிடுவது. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் ஏறக்குறைய 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. பழைய கட்டடத்தின் அடித்தளத்திலும் தூண்களிலும் அந்தக் கணக்கு ஏற்கெனவே செலவாகிவிட்டது. சன்னலும் கூரையும் கெட்டுப்போய், சட்டகம் மட்டும் திடமாக நிற்கும் பள்ளிகள் உண்டு; அவற்றை உரித்துப் புதுப்பிக்கலாம். இடித்தே ஆக வேண்டியவையும் உண்டு. 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்தபோது, காற்றுக் குமிழிகள் கொண்ட ஒரு வகை இலகு கான்கிரீட் திடீரென்று இடிந்து விழலாம் என்பதால் இங்கிலாந்தில் 100-க்கும் மேற்பட்ட பள்ளிகளின் கட்டடங்களை மூட நேர்ந்தது. ஆகவே பொறியாளரின் அறிக்கை முதலில், முடிவு பிறகு.

புதிய கட்டடம் பெரும்பாலும் பழைய பள்ளியின் மைதானத்தில் எழுகிறது. பிள்ளைகள் பழைய கட்டடத்திலேயே படித்துக்கொண்டிருப்பார்கள். வேலை இரண்டு மூன்று ஆண்டுகள் இழுத்தால் ஒரு பிள்ளையின் உயர்நிலைப் பள்ளிப் பருவத்தில் பாதி மைதானமில்லாமலே கழிந்துவிடும். இது எனக்கு மனம் ஆறாத விஷயம். அந்த ஆண்டுகளில் எங்கே ஓடுவார்கள், தேர்வு நாட்களில் எந்தக் கட்டுமான இயந்திரத்தை நிறுத்திவைப்பார்கள், இடித்த இடத்தில் மைதானம் எந்தத் தேதிக்குள் திரும்பக் கிடைக்கும் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

ஆற்றலைச் சேமிக்கிறோம் என்று காற்றை மறப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் தொடங்கிய, மிகக் குறைந்த ஆற்றலில் கட்டடத்தை இயக்கும் 'பாசிவ் ஹவுஸ்' முறைப்படி, ஒரு சதுர மீட்டரைச் சூடாக்க ஆண்டுக்கு 15 கிலோவாட்-மணி ஆற்றலுக்கு மேல் ஆகக் கூடாது. அதற்காகக் கட்டடத்தைக் காற்றுப் புகாமல் அடைக்கிறார்கள். கூடவே காற்றோட்டத்தையும் கணக்காகத் தருகிறார்கள். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் வினைதான். 30 பேர் உள்ள வகுப்பறையில் பிள்ளைகளின் உடற்சூடு மட்டுமே 2 கிலோவாட்டுக்கு மேல். வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 420 பங்கு இருக்கும் கரியமில வாயு, அடைத்த அறையில் ஒரே பாடவேளைக்குள் 2000-ஐத் தாண்டிவிடும். கடைசி வரிசைப் பிள்ளைக்குத் தூக்கம் வருவது பாடத்தால் மட்டுமல்ல. கண்ணாடியை அளவுக்கு மீறி வைப்பதும் இப்படித்தான்: கண் கூசித் திரையை இழுத்து மூடுவார்கள், பிறகு பகலிலேயே விளக்கைப் போடுவார்கள்.

செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலில் வெட்டப்படுவது சாமான் அறை. ஐந்து குழுக்கள் வந்துபோகும் அரங்கத்தில் நாற்காலிகள், பாய்கள், வலைகள் எங்கே போகும்? அவசர வழியில் போய் அடையும். வெட்ட வேண்டுமென்றால் முகப்பு அலங்காரத்தை வெட்டுங்கள்.

மாலை மின்கட்டணத்தை யார் கட்டுவது, காவலாளியின் கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் யார் தருவது, உடைந்த கூடைப்பந்து வளையத்தை யார் மாற்றுவது என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். பொதுப் பகுதிக்குத் தனி மீட்டர் இல்லாவிட்டால் இந்தப் பேச்சு சண்டையில்தான் முடியும். சண்டை முற்றினால் பள்ளி கதவைச் சாத்திவிடும். வடிவமைப்புக் கூட்டத்தில் தலைமையாசிரியருக்குப் பக்கத்தில் காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் நாற்காலி போடுங்கள். ஏழு மணிக் கட்டடத்தை அறிந்தவர்கள் அவர்கள்தான்.

நான் சொன்ன அந்தப் பள்ளியில் பிறகு சுவரை உடைத்து, கழிப்பறைக்கு அரங்கத்தின் பக்கமாகவே ஒரு கதவு வைத்தார்கள். தாழ்வாரத்து விளக்குகளுக்குத் தனிச் சுற்று இழுத்தார்கள். காற்றுக் குழாயை மட்டும் பிரிக்க முடியவில்லை. அது கூரைக்குள் புதைந்து கிடக்கிறது.